கால் தனி, தலை தனி

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு செராமிக் யூனிட் இருக்கிறது. கொலு பொம்மைகள், அகல் விளக்குகள், பியூஸ் கட்டைகள் செய்கிறோம். கணவரின் அண்ணன்தான் அதை நடத்துகிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

கல்யாணத்துக்கு முன் பாண்டிச்சேரியில் நான் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்ததும் மாமா நயமாகத்தான் சொன்னார். "மண்டபம் மண்டபமா நம்ம வூட்டுப் பொண்ணு கேமராவோட நிக்க வேணாம்மா. நம்ம பொம்மைங்கள எடு. ஆன்லைன்ல போடலாம்."

அச்சுகள் வைத்திருந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வெளிச்சம் பட்டால் பீங்கான் பளபளப்பில் சன்னல் தெரிந்துவிடும். அதனால் கறுப்புத் துணியால் சன்னலை நானே மூடினேன். காற்றடித்தால் பொம்மைக்குப் பின்னால் தொங்கும் தாள் ஆடும். அதனால் ஃபேனும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டால் மதியமா சாயங்காலமா என்று தெரியாது. நாள் முழுக்க வியர்வையோடு ஒரே மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேமராவை நிறுத்த என்னிடமிருந்தது பழைய ட்ரைபாட். எவ்வளவு இறுக்கித் திருகினாலும் கையை எடுத்ததும் கேமராவின் மூக்கு கொஞ்சம் கீழே இறங்கும். அந்த இறக்கத்தையும் கணக்கில் வைத்து மேலே குறிபார்த்து எடுத்துப் பழகியிருந்தேன். ஒரு நாள் தசாவதார செட்டை எடுக்கும்போது ஒரு காலின் பூட்டு நழுவி ட்ரைபாட் முன்பக்கம் சாய்ந்தது. கேமராவை அதன் வாரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிவிட்டேன். வாமனரும் அவர் குடையும் போய்விட்டார்கள்.

மாமா துண்டுகளைப் பொறுக்கினார். திட்டவில்லை. "நல்லா கனமா ஒண்ணு வாங்கிடு. எங்கயும் தூக்கிட்டுப் போவப் போறதில்ல. வேணும்னா தரையில போல்ட்டு போட்டு நிறுத்திடலாம்" என்றார்.

போல்ட்டு என்ற சொல்லோடுதான் அன்றைக்குப் படுத்தேன்.

அந்த வாரமே கணவரோடு பாண்டிச்சேரிக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "வெளிய எடுத்துட்டுப் போவீங்களா மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், "இல்லைங்க, ரூமுக்குள்ளதான்" என்றார். அவர் மனதில் ஒன்றுமில்லை. இருப்பதைச் சொன்னார்.

கடைக்காரர் ஸ்டூடியோவுக்கான இரும்பு நிலை ஒன்றைக் காட்டினார். தூக்கவே இருவர் வேண்டும். நான் பக்கத்தில் இருந்த கார்பன் ஃபைபர் ட்ரைபாட்டைக் கையில் எடுத்தேன். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது. அதன்மேல் கேமராவை மாட்டும் தலையாக, பந்து வடிவ பால் ஹெட் இருந்தது. ஒரே திருகைத் தளர்த்தினால் கேமரா எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது. வேண்டுமென்றே அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தேன்.

ஆனால் என் வேலைக்கு அது ஆகாது. பொம்மையை எடுக்கும்போது ஒரு பக்கச் சாய்வை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். பால் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாமே கலைந்துபோகும். இரும்பு நிலையின் மேலிருந்த, மூன்று பக்கத்துக்கும் தனித்தனித் திருகு உள்ள கியர் ஹெட்தான் சரி. வேலை கேட்பதும் மாமா சொல்வதும் ஒன்றாகவே இருந்ததில் எனக்கு எரிச்சல் வந்தது. எதை வைத்து மறுப்பது?

"இந்தக் காலு மேல அந்தத் தலைய மாட்டலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா. காலு தனி, தலை தனியாத்தான் விக்கிறோம். ஆனா இது லேசு. கேமரா முன்னால குனிஞ்சா ஆடும். நடுவுல இருக்கிற கொக்கியில கனமா எதையாவது தொங்க வுட்டுக்குங்க."

"எங்க யூனிட்ல களிமண்ணுக்கா பஞ்சம்" என்றேன். கணவர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். லேசானது எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டார்.

களிமண் மூட்டையைத் தொங்கவிட்டதும் ட்ரைபாட் அசையவில்லை. மாமாவுக்குத் திருப்தி. மாதக்கணக்கில் அது அந்த இடத்திலேயே நின்றது. நானும் நின்றேன்.

மழை விட்டு மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்த ஒரு காலையில் மூட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ட்ரைபாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன். கால்களை விரித்து, கேமராவை மாட்டி, தண்ணீருக்கு நேராகத் திருப்பினேன். லாரி போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது. எடுத்த படங்களில் பாதி கலங்கல். அப்போதே போன் அடித்தது.

"பாலத்துல நிக்கிறியாமே" என்றார் மாமா. யாரோ சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் யூனிட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்லம்மா."

"சொன்னா வுட்டிருப்பீங்களா மாமா?"

 டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியல" என்றார்.

 கார்த்திகைக்கான விளக்குகள் மேசையில் காத்திருந்தன. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.