அயர்லாந்து ஜன்னலில் பிரிந்த எண்ணெய்

சுத்தமான தேங்காயெண்ணெய் என்று வாக்குக் கொடுத்து, தவிட்டு எண்ணெய் கலந்த சரக்கை ஒரு பெண்ணின் கடைக்கு அனுப்பியவன் நான். எவ்வளவு கலக்கலாம் என்று அளவு வகுத்தவனும் நானே. அவள் பெயர் கெட்டபோது வாய் திறக்கவில்லை. இத்தனை வருடமாக கொச்சி மட்டாஞ்சேரியில் எல்லோரும் வணக்கம் சொல்லும் கிழவனாக இருந்துவருகிறேன்.

சென்ற வாரம் தோப்பும்படியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தவிட்டு எண்ணெய்க்கென்று தனி அடுக்கே இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டேன். பாட்டிலின் மேல் சிவப்பு இதயப் படம். பக்கத்தில் நின்றவர் இரண்டு பாட்டிலை எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு, “ஹார்ட்டினு நல்லதாணு சேட்டா, டாக்டர் பறஞ்ஞதாணு” என்று எனக்கும் சிபாரிசு செய்தார். நான் ஒளித்துக் கலந்த பொருள் இன்று சொந்தப் பெயரோடு விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம்தான்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். ரசாயனம் படித்துவிட்டு முதலில் வேலை பார்த்தது தவிட்டு எண்ணெய் ஆலையில். அரிசி ஆலையில் விழுந்த தவிட்டை அன்றைக்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இரண்டு நாள் மூட்டையில் கிடந்தால் எண்ணெய் காறிப்போகும். லாரி வரத் தாமதமானால் எங்களுக்குக் கை கால் ஓடாது. அத்தனை பாடுபட்டு எடுத்த எண்ணெயை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்கு வாங்கியதில்லை. “மாட்டுக்குப் போடுறதுல எடுத்ததா?” என்று என் அம்மாவே முகத்தைச் சுளித்தாள். ஜப்பானில் இருக்கும் என் மகள் சொல்வது நேர்மாறு. அங்கே சொந்த மண்ணில் விளைந்த எண்ணெய் என்று அதற்குத் தனி மதிப்பாம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கும் அதில்தான் பொரிக்கிறார்களாம். “கடையில சில சமயம் தீர்ந்துபோயிடுதுப்பா” என்கிறாள். வங்கதேசத்துக்காரர்களும் நம்மைப்போல் சோறு தின்பவர்கள்தான், ஆனால் அவர்கள் அடுப்பில் இருப்பது சோயா எண்ணெய். அவர்கள் தவிட்டில் பிழிந்ததோ எல்லை தாண்டி நம் பக்கம் வந்தது. கேரளத்துக்கு அரிசி வெளியிலிருந்து வருகிறது, அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி. தவிடு தீட்டிய ஊரிலேயே தங்கிவிடும். ஆக, இங்கே தவிட்டு எண்ணெய் என்பது என்னைப்போல் வாளையாறு எல்லை தாண்டி வந்து சேர்ந்தது.

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு தேங்காயெண்ணெய் மண்டியில் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்தேன். தேங்காய் விலை தாறுமாறாக ஏறிய ஒரு வருடம், முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். “கொஞ்சம் தவிட்டெண்ணெ சேர்த்தாலும் ஃப்ரிட்ஜில் வச்சா உறையணும். அத்ர மதி, வேற ஒண்ணும் வேண்டா” என்றார். இங்கே வீட்டுக்கு வீடு அதுதான் சோதனை. எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். கட்டியாக வெளுத்து உறைந்தால் நல்லது, மேலே திரவம் நின்றால் கலப்படம். எவ்வளவு வரைக்கும் கலந்தால் அந்தச் சோதனையில் பிடிபடாது என்று மூன்று நாளில் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தின் முனையில் ஃபிலோமினா நேந்திரங்காய் வறுவல் போட்டு விற்றாள். கணவன் இல்லை. கடைக்கு போர்டும் இல்லை. அவள் சட்டியிலிருந்து வரும் வாசனைதான் விளம்பரம். ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டாள்.

“அண்ணாச்சி, எண்ணெயில மாயம் கலக்குதுன்னு ஆள்க்காரு பறயுது. நிங்ஙள மண்டியில எங்ஙனெ?”

“நம்ம சரக்கு சுத்தம் சேச்சி. தைரியமா வாங்குங்க.”

“நிங்ஙள் பறஞ்ஞா மதி. பாண்டிக்காரன் ஆனாலும் நிங்ஙள் கள்ளம் பறயில்ல” என்று சிரித்தாள். பாண்டி என்றால் இங்கே தமிழன்.

சந்திலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு அவள் ஒரு பொட்டலம் வறுவலும், தன் சட்டிக்கு ஊற்றும் அதே எண்ணெயில் ஒரு பாட்டிலும் கொடுத்தனுப்புவாள். அப்படி ஒன்றை எதிர்வீட்டு ஜின்சி அயர்லாந்துக்குக் கொண்டுபோனாள். அங்கே நர்ஸ் வேலை. பாட்டிலைச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தாள். ஃப்ரிட்ஜில் சட்டென்று உறையும்போது தவிட்டு எண்ணெயும் உள்ளே சிக்கிக்கொள்ளும். அந்த ஊர்க் குளிரோ நாள்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கியது. கீழே தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து, மேலே மஞ்சளாக ஓர் அடுக்கு உறையாமல் நின்றது. நான் யோசிக்காத குளிர் அது.

ஜின்சி படமெடுத்து வாட்ஸாப்பில் அம்மாவுக்கு அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிவதற்குள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. ஃபிலோமினா அந்தப் படத்தோடு மண்டிக்கு வந்தாள். “எங்கள் சரக்கு உறையும், நீ எதைச் சேர்த்தாயோ” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். மாதிரிப் பாட்டில் கல்லாக உறைந்திருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே கழுவிய குடுவை.

வறுவல் இல்லாமல் ஓணம் இல்லை; அடுத்து வந்த ஓணத்துக்கு ஒருவரும் அவளிடம் வாங்கவில்லை. சட்டி கவிழ்ந்தது. தோப்பும்படியில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். இத்தனை வருடம் ஐஸில் கிடந்து அவள் விரல்கள் இப்போது மடங்குவதில்லை.

முதலாளி இறந்து, மண்டியும் மூடிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லக் கூடாது. இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாளொன்றில் அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.

“என்னோடு பறஞ்ஞிட்டு எந்தா பிரயோஜனம்? நான் சேர்த்தில்லன்னு எனிக்கறியாம். ஜின்சியோட அம்மகிட்ட போய் பற.”

போனேன். ஜின்சியின் அம்மா சாயா கொடுத்து உட்காரவைத்தாள். நான் சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாவம் ஃபிலோமினயெ ரட்சிக்க இந்த வயசுல பழி ஏற்கிறீங்களா? நிங்ஙள் எத்ர நல்ல மனுஷனாணு, அண்ணாச்சி!”

“இல்லம்மா, நான்தான்...”

“மதி, மதி. அதொக்கெ விடுங்க. இப்போ இங்கெ தவிட்டெண்ணெயாணு. எனிக்கு கொலஸ்ட்ரால் இருக்கில்லே!”

அடுத்த ஞாயிறு, சர்ச் வாசலில் இரண்டு பேர் என்னைக் கும்பிட்டார்கள். பழியைத் துடைக்கப் போனவனுக்குப் புகழ் கூடியது. ஃபிலோமினா மேல் இருந்த பழி அப்படியே இருக்கிறது.

வேறு வழி தெரியாமல், ஒரு செக்கில் கண்ணெதிரே ஆட்டி எடுத்த தேங்காயெண்ணெயைப் பாட்டிலில் கொண்டுபோய் அவளிடம் வைத்தேன். மறுபடி கடை போடுங்கள், எண்ணெய் என் பொறுப்பு என்றேன். அவள் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை. “ஃப்ரிட்ஜ் நிங்ஙளோட கணக்குதானே?” என்றாள். விடுமுறைக்கு வந்திருந்த ஜின்சியிடம் கொடுத்து, அதே ஜன்னலில் வைக்கச் சொன்னாள்.

குளிர்காலம் வந்ததும் படம் வந்தது. அடியிலிருந்து கழுத்துவரை ஒரே வெள்ளை. இந்தப் படத்தைச் சந்தில் யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. ஃபிலோமினா மட்டும் தன் ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

“நல்ல எண்ணெ அண்ணாச்சி. பக்ஷே இந்தக் கை வச்சு நான் கரண்டி பிடிக்கணுமா?”

பழைய படம் என் ஃபோனில் இன்னும் இருக்கிறது. மன்னார்குடிக்குத் திரும்பிப் போக அங்கே எனக்கு யாரும் இல்லை; இந்தச் சந்திலோ என்னை நம்பாதவள் ஒருத்திதான், அவள்தான் என்னை அறிந்தவள். சில நாள் மத்தியானம் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிறேன். கீழே இந்த ஊர் எண்ணெய் வெளுத்து உறைந்து கிடக்கிறது. மேலே, எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது, உறையவும் முடியாமல் வெளியே வழியவும் முடியாமல், மூடிக்குக் கீழே மஞ்சளாக நிற்கிறது.