நாலு மணிக்கு அழுத்திய பட்டன்

1. எட்டு மாதம் கழித்து

எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் திங்கட்கிழமை என்றாலே சர்வர் படுத்துவிடும். அதைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தனலட்சுமி என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். பி.காம்., டேலியில் கணக்குப் போடத் தெரியும். கணவர் போர்வெல் ரிக் லாரியில் வடக்கே போய், முதுகைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர். அரசு வேலைவாய்ப்பு போர்ட்டலில் தனலட்சுமியைப் பதிவு செய்தவனே நான்தான். பொருத்தமான காலியிடம் வந்தால் போனுக்குத் தானாக மெசேஜ் வரும் என்று பெருமையாக வேறு சொல்லி அனுப்பியிருந்தேன்.

"ஏனுங்க சார், எட்டு மாசமா ஒரு மெசேஜ்கூட வரலீங்களே. கோளாறு என்ற போன்லயா, உங்க கம்ப்யூட்டர்லயாங்க?"

இன்னும் ஐந்து மாதத்தில் தனக்கு முப்பத்தைந்து முடிகிறது என்றார். அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. அந்த வயதைத் தாண்டினால் பாதிக் கம்பெனிகளின் ஃபில்டரில் பெயரே வராது.

சர்வர் உயிர் பெற்றதும் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 'பணியில் சேர்ந்தார்' என்று இருந்தது. பதிவேற்றிய லாகின் என்னுடையது.

2. முகாம் வழக்கம்

இதை வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். வேலைவாய்ப்பு முகாம் நடக்கும் நாளில் நாலு மணிக்கு ரிப்போர்ட் மேலே போக வேண்டும். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதுதான் முதல் கேள்வி. அதனால் மூன்றரைக்கு ஸ்டால் ஸ்டாலாகப் போய், "ஒரு செலக்‌ஷன் லெட்டராவது குடுங்க" என்று கெஞ்சுவோம். அவர்களும் நம் முகத்துக்காகக் கொடுப்பார்கள். லெட்டரைப் பார்த்ததும் சேர்ந்துவிட்டதாக பட்டனை அழுத்திவிடுவோம். அழுத்தியதும் அந்த ஆளை போர்ட்டல் எந்தக் கம்பெனிக்கும் காட்டாது. வேலையில் இருப்பவருக்கு எதற்கு வேலை?

எட்டு மாதத்துக்கு முந்தைய முகாமில் தனலட்சுமிக்கு ஒரு ஸ்பின்னிங் மில் அப்படித்தான் லெட்டர் கொடுத்திருந்தது. பிறகு கூப்பிடவே இல்லை. மறைக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப எட்டு மாசமா நா வேலைலதான் இருந்தனுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

3. மில் வாசல்

அழுத்துவது ஒரு நொடி. எடுப்பதற்கு, அந்த ஆள் வேலையில் இல்லை என்று கம்பெனியே தன் லாகினில் போட வேண்டும். மில்லுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை, மெயிலுக்குப் பதில் இல்லை. லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி நேரில் போனேன். ஹெச்.ஆர். நல்ல மனிதர்தான். டீ வரவழைத்தார்.

"அந்த போஸ்டே எங்ககிட்ட இல்லீங்க சார். நீங்க அவ்வளவு தூரம் கேட்டீங்களேன்னு குடுத்தமுங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். என் எதிரிலேயே அவர் மாற்றிக் கொடுத்தார்.

திரும்பி வந்து பழைய காலியிடங்களைத் தேடினேன். தனலட்சுமி ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் இன்ஜினியரிங் கல்லூரி அக்கவுண்ட்ஸுக்கு ஆள் கேட்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பே நிரம்பிவிட்டது. இதையும் சொல்லத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

4. அடுத்த முகாம்

இரண்டு மாதம் கழித்து நடந்த முகாமில் லாரி பாடி கட்டும் கம்பெனி ஒன்று அவரைத் தேர்வு செய்தது. லெட்டரை என்னிடம் காட்டினார். ஆனால் கையில் தரவில்லை.

"பட்டனை அமுத்தீராதீங்க சார். நா போய்ச் சேந்துட்டு போன் பண்றனுங்க."

அன்று நான் யாருக்குமே அழுத்தவில்லை. நாலு மணி ரிப்போர்ட்டில் என் பகுதிக்குப் பூஜ்யம் போயிற்று. அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். ரிட்டயர்மெண்டுக்கு நாலு மாதம் இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் போன் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. இதுவும் வெறும் லெட்டர்தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் கூப்பிட்டார். பின்னால் வெல்டிங் சத்தம் கேட்டது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன்.

"மொதச் சம்பளம் வாங்கட்டும்னு இருந்தனுங்க. இப்ப அமுத்துங்க சார்."

எனக்கு எத்தனையோ சுற்றறிக்கைகள் வந்திருக்கின்றன. நான் மதித்து நடந்தது தனலட்சுமி போட்ட இந்த ஒன்றை மட்டும்தான்.