எழுவாய் இல்லாத போல்ட்

பட்டறையில் அவருக்கு நட்டுக்குத்து என்று பெயர். எந்நேரமும் நட்டும் போல்ட்டுமாக இருப்பவர் என்பது பாதிக் காரணம். எந்த வேலையையும் நட்டுக்குத்தாக நின்றுதான் செய்வார் என்பது மீதி. மற்ற மெக்கானிக்குகள் சாக்கை விரித்து வண்டிக்கடியில் புரளும்போது, இவர் வண்டியை லிஃப்டில் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, மழைக்கு ஒதுங்கியவர் போல அதன் கீழே நிற்பார். சாயங்காலம் வீடு திரும்பும்போதும் சட்டையின் முதுகு வெளுப்பாகவே இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

இது சோம்பல் அல்ல, கொள்கை. தொழிலுக்கு வந்த புதிதில் மேஸ்திரி ஒரு மலை ஜீப்பைக் காட்டி, "ஆர்ம் போல்ட்டை மட்டும் நிக்கும்போதுதான் இறுக்கணும், தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது. ஆர்ம் என்பது சக்கரத்தைச் சட்டத்தோடு பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசையும் இரும்புக் கை. அந்தக் கை அசையும் மூட்டில் புஷ் என்கிற ரப்பர் வளையம், புஷ்ஷின் நடுவே போல்ட். படுத்து இறுக்கினால் தோளில் பலம் வராது, நின்று இறுக்கினால் உடம்பே சேர்ந்து வேலை செய்யும் என்று காரணத்தையும் இவரே கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

மற்றபடி குறை சொல்ல முடியாத கை. போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பார். இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்சைத் துண்டில் சுற்றி, பிள்ளையைக் கிடத்துவது போலப் பெட்டியில் வைத்திருப்பார். போதும் என்று அது 'டிக்' சொன்ன பிறகு அரைச் சுற்றுகூட மேலே போகமாட்டார். அவர் இறுக்கிய போல்ட் கழன்றதாகச் சரித்திரம் இல்லை. புஷ்தான் கிழிந்தது.

கிழியும்போதெல்லாம் பாதையைத் திட்டினார், ரப்பர் செய்தவனைத் திட்டினார், ஓட்டுகிறவரைத் திட்டினார். திட்ட முடியாத ஒருவர் வந்தபோதுதான் சிக்கல். அவர் மச்சான், மனைவியின் அண்ணன். மலை உச்சியில் இருக்கும் செல்போன் கோபுரத்துக்கு ரிப்பேர் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. இரண்டு தடவை புஷ் மாற்றியும் முன்பக்கம் மறுபடி கிறீச்சிட ஆரம்பித்திருந்தது.

"மாப்பிள்ளை, இப்பல்லாம் நான் ஹாரனே அடிக்கிறதில்ல. தெருமுனை திரும்பும்போதே அம்மா வந்து கதவைத் திறந்துடறாங்க."

"பாதை அப்படி, மச்சான்."

"நான் சின்னப் பையனா இருந்தப்பவும் அதே பாதைதான். உங்களைக் குறை சொல்லல. மாப்பிள்ளை கை வெச்ச வண்டி ஊருக்கே கேக்குதேன்னு அம்மா சொல்றாங்க. இந்தத் தடவையும் கத்துச்சுன்னா எதிர்க்கடையில விட்டுடறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

எதிர்க்கடை என்றால் நிஜமாகவே எதிரில், சாலைக்கு அந்தப் பக்கம். மாமியார் வீட்டு ஜீப் அங்கே நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலை செய்வதைவிட, வேறு ஊரில் வேறு தொழில் பார்க்கலாம்.

அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் காலை வாரியது. எண்ணெய் ஒழுகி, முழங்கால் உயரம் ஏறி, பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கிவிட்டது. மச்சானுக்கோ மத்தியானத்துக்குள் வண்டி வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கிப் புது புஷ்ஷைப் பொருத்தினார். ஆனால் ஜாக்கியை நம்பி அடியில் நுழைகிற அசட்டுத் துணிச்சல் அவருக்குக் கிடையாது. ஆகவே போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாக்கை விரித்தார்.

"என்ன மாப்பிள்ளை, படுத்துட்டீங்க?" என்றார் மச்சான்.

அவர் ரெஞ்சோடு வண்டிக்கடியில் நகர்ந்தார். மல்லாந்த நிலையில் ரெஞ்ச் சொன்ன 'டிக்'கும் ஏதோ ஒப்புக்குச் சொன்னது போலிருந்தது. மனதறிந்து அவர் செய்த முதல் அரைகுறை வேலை அது.

அதன்பிறகு வீட்டில் ஒரே கேள்விதான். "உங்கண்ணன் போன் பண்ணினாரா?"

"அண்ணன் மேல என்ன திடீர்னு பாசம்?" என்றாள் மனைவி.

மழைக்காலம் வந்தது, போனது. பாதையில் பள்ளங்கள் கூடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், மச்சான். வாசலில் ஜீப், பூனை மாதிரி வந்து நின்றிருந்தது.

"என்ன மாயம் பண்ணீங்க மாப்பிள்ளை? மூச்சு விடல வண்டி."

"ரப்பர் நல்ல ரப்பர்," என்றார்.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் முதல் வேலையாக மேஸ்திரிக்குப் போன் போட்டார். "ஆர்ம் போல்ட்டை நிக்கும்போதுதான் இறுக்கணும்னு சொன்னீங்களே?"

"ஆமா, சொன்னேன்."

"இந்தத் தடவை படுத்துக்கிட்டு இறுக்கினேன். அதுதான் சத்தமில்லாம ஓடுது."

"நீ படு, உக்காரு, தலைகீழாத் தொங்கு, எனக்கென்ன? வண்டி நின்னுச்சா?"

"வண்டியா?"

"பின்னே நீயா?" மேஸ்திரிக்கு இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "சக்கரம் தரையில நிக்கணும்டா. பாரம் அதுமேல உக்காரணும். தொங்கும்போது இறுக்கினா ரப்பர் அந்த வாக்குலயே பிடிச்சுக்கும். கீழ இறக்கினதும் முறுக்கிக்கிட்டே கிடந்து கிழிஞ்சுடும். கழுத்தைத் திருப்பி வெச்சுக் கட்டிட்டு, நேராப் பாருன்னு சொன்னா எத்தனை நாள் பார்ப்ப?"

மேஸ்திரி போனை வைத்த பிறகும் இவர் தன் போனைக் காதிலேயே வைத்திருந்தார். மேஸ்திரி சொன்ன வாக்கியத்தில் எழுவாய் இல்லை. காலியாகக் கிடந்த அந்த இடத்தில் இத்தனை வருஷமாக இவர் போய் நின்றுகொண்டிருந்தார்.

லிஃப்ட் சரியாகிவிட்டது. கழற்ற, மாட்ட எல்லாம் அதில்தான். ஆர்ம் போல்ட் வரும்போது மட்டும் வண்டியை இறக்கி, கொஞ்சம் உருட்டி, பாரம் படிய விட்டுச் சாக்கை விரிக்கிறார். மச்சான் தன் சிநேகிதர்களின் ஜீப்புகளையும் கூட்டி வருகிறார். எதிர்க்கடைப் பேச்சே இல்லை. ஆனால் மாமியார் வீட்டில் இப்போது வேறு பேச்சு. "வேலை சுத்தம்தான். மாப்பிள்ளைக்குத்தான் முன்ன மாதிரி தெம்பில்ல போல. படுத்துக்கிட்டே செய்யறார்" என்று மச்சான் சொல்ல, உடம்பைக் காட்டச் சொல்லி மாமியார் மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

துவைக்க எடுத்த சட்டையை மனைவி விரித்துக் காட்டினாள். முதுகு முழுக்கக் கிரீஸ்.

"என்னங்க இது? நின்னு வேலை செய்யற ஆளாச்சே நீங்க?"

அவர் சட்டையைப் பார்த்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் நிக்க முடியும்," என்றார்.

மறுநாளே அவரை டாக்டரிடம் கூட்டிப்போவதென்று அவள் முடிவு செய்தாள்.