குகனேஸ்வரியின் ஆறு நாட்கள்

பலேர்மோ துறைமுகத்தில் துனிஸ் நகரத்துக்குப் போகிற கப்பலின் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலைக்குக் குகனேஸ்வரி சேர்ந்தது 1991 பங்குனியில். அப்போது அவளுக்கு முப்பத்தேழு வயது. கப்பல் காலையில் வந்து கட்டும். பின்னேரம் திரும்பிப் போகும். இடையில் கிடைக்கிற ஐந்து மணி நேரத்துக்குள் அத்தனை அறைகளின் விரிப்புகளையும் மாற்றி, குளியலறைகளைக் கழுவி, குப்பையை இறக்கிவிட வேண்டும். துப்புரவு செய்தவர்கள் இறங்கப் பயணிகள் ஏறுவார்கள். ஆபிரிக்கக் கரைக்குப் போகிற அந்தக் கப்பலில் வாரம் தவறாமல் ஏறியும் அவள் ஒருநாளும் பயணம் போனதில்லை.

யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையொன்றில் அரிசி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். தகப்பன் இறந்தபிறகு மூன்று சகோதரங்களுக்கும் அவளே மூத்தவள் என்றாகிவிட்டது. எண்பத்தெட்டில் இத்தாலிக்கு வந்து, பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் இரட்டைக் குழந்தைகளை மூன்று வருடம் வளர்த்தாள். ஆவணி மாதமானால் அந்தக் குடும்பம் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடும். பெட்டிகளை அடுக்கிக் கொடுப்பவள் குகனேஸ்வரிதான். குளிக்கும் உடுப்பு, தொப்பி, பூச்சிக்கடி மருந்து என்று எதையும் மறக்காமல் வைப்பாள். அவர்கள் போனதும் யன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு இருட்டுக் கூடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கையில் கிடைத்த பிறகுதான் கப்பல் வேலைக்கு மாறினாள்.

கப்பலில் இரண்டு இரண்டு பேராக வேலை செய்வார்கள். அவளோடு விடப்பட்டவர் அலோசியஸ். குருநகர்க்காரர், அவளைவிட எட்டு வயது மூத்தவர். மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து பல வருடங்கள். ஒரே மகள் செலஸ்ரீனா ரொறொன்ரோவில் பெரியம்மாவோடு இருந்தாள். அவரை எல்லோரும் அலோசியஸ் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். குகனேஸ்வரி மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. ‘இஞ்சை பாருங்கோ’ என்பாள், அல்லது அவர் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள்.

பாலைவனத்துக்குப் போய் வந்தவர்களின் அறை எது என்பது கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். வறுத்த ரவையின் நிறத்தில் மணல் கிடக்கும். கட்டிலுக்கடியில், குளியலறை வடிகாலில், தலையணை உறையின் மடிப்புக்குள்கூட. முதல்தரம் அதைக் கூட்டி அள்ளும்போது குகனேஸ்வரி சலித்துக்கொண்டாள்.

“இது கடற்கரை மணல் இல்லை, குகனேஸ்,” என்றார் அலோசியஸ். “கையில எடுத்துப் பாருங்கோ. உப்பே இல்லை.”

எடுத்துப் பார்த்தாள். விரலிடுக்கால் மாவைப்போல வழுகிப் போனது. பிறந்ததிலிருந்து கடலோடு கிடந்த மனிதர், உப்பில்லாத மணலை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து தொடங்கியது அந்த ஆசை. பயணிகள் விட்டுப் போகும் துண்டுப் பிரசுரங்களையும் வரைபடங்களையும் இருவரும் குப்பைப் பையில் போடாமல் எடுத்து வைத்தார்கள். பத்து நிமிட இடைவேளையில் கப்பலின் பின்படியில் இருந்து அவற்றை விரித்துப் பார்ப்பார்கள். வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமான தெருக்கள். கூரை போட்ட சந்தை. பிறகு ஒன்றுமேயில்லாத மணல், அதன் நடுவே நான்கு கூடாரங்கள்.

“ரெண்டு நாள் துனிஸ், ரெண்டு நாள் பாலைவனம். போக ஒரு நாள், வர ஒரு நாள்,” என்று திட்டம் போட்டார் அலோசியஸ்.

“நான் ஒட்டகத்தில ஏறமாட்டன்.”

“நீங்கள் ஏறாட்டி நான் ஏறி என்ன செய்யிறது?”

இதற்குமேல் இருவரும் ஒன்றும் கதைத்துக்கொண்டதில்லை. அவர் வேதக்காரர், கிறிஸ்தவர்; அவள் சைவம். அவளுக்குக் கரைசேர்க்க வேண்டிய தங்கைகள் இருந்தார்கள். தொண்ணூற்றிரண்டில் தங்கை நிரோசினி ஜெர்மனிக்கு வரும் அலைச்சல். அடுத்த வருடம் அவருடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த வருடம் கடைசித் தங்கையின் கலியாணம். பயணம் ஒவ்வொரு வருடமும் அடுத்த ஐப்பசிக்குத் தள்ளிப் போனது. வரைபடம் மடிப்புகளில் கிழிந்து, அலோசியஸ் அதற்குப் பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டினார்.

தொண்ணூற்றைந்து வைகாசியில் மகள் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். கடதாசிகள் எல்லாம் சரிவந்துவிட்டன. கடைசி வாரத்தில் ஒருநாள், ஓர் அறையில் பெரிய விரிப்பொன்றின் இரண்டு நுனிகளை அவரும் இரண்டு நுனிகளை அவளும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மடிப்பதற்காக அவர் அவளை நோக்கி வந்தார். நுனிகளை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகாமல் நின்றார்.

“குகனேஸ், நீங்கள் நில் எண்டு சொன்னால் நான் நிப்பன்.”

அவள் விரிப்பை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள்.

“பிள்ளை கூப்பிடுறாள். போங்கோ,” என்றாள்.

அவர் போய்விட்டார். நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து மட்டை வந்தது. கீழே தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தது. அதை அவள் பாடமாக்கிக்கொண்டாள், ஆனால் ஒருநாளும் அழைப்பு எடுக்கவில்லை. வயது வந்த மகளோடு இருக்கிற மனிதரிடம் என்னவென்று கேட்பது? மட்டைகள் மூன்றாயின. கப்பல் வந்து வந்து போனது. மணல் கிடந்த அறைகளைக் கூட்டும்போது அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. மேற்பார்வைக்காரி அதைக் கண்டித்தாள்.

அலோசியசின் இடத்துக்கு லில்லியான் வந்திருந்தாள். மொரீசியஸ்காரி. பாட்டன் பூட்டன் தமிழர்; அவளுக்குத் தமிழில் தெரிந்ததோ நான்கு தேவாரமும் சாமான்களின் பெயர்களும். இருவரும் இத்தாலி மொழியில்தான் கதைப்பார்கள். ஐம்பது வயதிலும் உதட்டுச் சாயம் பூசாமல் வேலைக்கு வரமாட்டாள். தொண்ணூற்றெட்டுப் புரட்டாசியில், குகனேஸ்வரியின் பையிலிருந்து விழுந்த வரைபடத்தை அவள் எடுத்து விரித்துப் பார்த்தாள்.

“இதை யாரோடு போக வைத்திருக்கிறாய்?”

“ஒருவரோடும் இல்லை.”

“அப்படியென்றால் என்னோடு வா. எனக்கு பிரெஞ்சு தெரியும். அங்கே அது போதும்.”

விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நிரோசினிக்குச் சொன்னபோது தொலைபேசியில் அவள் சிரித்தாள்.

“அக்கா, உனக்கென்ன விசரே? ஆரும் மணல் பாக்கக் கப்பலேறிப் போவினமே? லீவெண்டால் இஞ்சை வாவன். பிள்ளையளும் உன்னோட நிக்குங்கள்.”

“அதுவும் வேலைதானே, நிரோ,” என்றாள் குகனேஸ்வரி. தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

ஐப்பசி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, குகனேஸ்வரி பெட்டியோடு கப்பலேறினாள். ஏழு வருடமாகத் தான் விரித்துக் கொடுத்த கட்டிலில் முதல்தரம் படுத்தாள். விரிப்பின் ஒரு மூலை சரியாகச் செருகப்படவில்லை. எழுந்து செருகினாள். லில்லியான் தலையில் அடித்துக்கொண்டாள். கப்பல் அசையத் தொடங்கியதும் குகனேஸ்வரி மேல்தட்டுக்குப் போய், பெல்லெக்ரீனோ மலை சின்னதாகிப் பின்வாங்குவதைக் குளிரக் குளிரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துனிஸ் அவள் நினைத்ததைவிடச் சத்தமான நகரம். பெரிய அவெனியூ வீதியின் மரங்களில் பின்னேரமானதும் ஆயிரக்கணக்கில் குருவிகள் வந்து விழுந்து கத்தின. கீழே நடப்பவர்கள் அதற்கு மேலால் கத்திக் கதைத்தார்கள். ஆனால் அவளை நிறுத்தி வைத்தது வேறொன்று. தேநீர்க்கடையில் இருந்த ஆண்கள், கோட்டுப் போட்ட கிழவர்கள்கூட, காதிலே மல்லிகைப் பூச்செண்டு செருகியிருந்தார்கள். சின்னச் சின்ன மொட்டுகளை ஈர்க்கில் குத்தி நூலால் சுற்றிய செண்டு. லில்லியான் இரண்டு வாங்கினாள். குகனேஸ்வரிக்கு அதைக் கொண்டையில் வைப்பதா காதில் வைப்பதா என்று குழப்பமாக இருந்தது. கடைசியில் காதிலேயே வைத்தாள். இதை அலோசியஸ் காதில் வைத்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துத் தனியே சிரித்தாள்.

பழைய நகரத்துக்குள் வரைபடம் உதவவில்லை. கூரை போட்ட சந்தையில் வாசனைத் திரவியக்காரர்களைத் தாண்டினால் தொப்பி செய்பவர்கள், அவர்களைத் தாண்டினால் செம்புப் பாத்திரம் தட்டும் சத்தம், பிறகு திடீரென்று யாருமில்லாத வெள்ளைத் தெரு. இரண்டுதரம் வழி தவறினார்கள். இரண்டாம் தரம் ஒரு நீலக்கதவு வீட்டு வாசலில் இருந்த பெண் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாள், புதினா இலையும் மேலே மிதக்கிற பைன் கொட்டையுமாக. எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். பலேர்மோ என்றார்கள். அவள் இருவரின் முகங்களையும் பார்த்து, பலேர்மோ மாறித்தான் போய்விட்டது என்றாள். லில்லியான் மொழிபெயர்த்ததும் மூவரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் விடிய ஒரு வான் வண்டியில் தெற்கே புறப்பட்டார்கள். ஒலிவ் தோப்புகள் முடிந்து, உப்புப் பூத்த தரை முடிந்து, பின்னேரம் தூஸ் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து ஒட்டகத்தில் ஒன்றரை மணி நேரம். ஏறமாட்டேன் என்று சொன்னவள்தான். ஒட்டகம் பின்னங்காலை முதலில் நிமிர்த்தியபோது முன்னால் கவிழப் பார்த்து, கண்ணை இறுக மூடி, திறந்தபோது மணல் மட்டுமே இருந்தது.

கூடாரத்தில் சமையல்காரர் மா பிசைந்துகொண்டிருந்தார். மணலில் நெருப்பு மூட்டி, தணலை விலக்கி, தட்டிய ரொட்டியை மணலுக்குள்ளேயே புதைத்து மேலே தணலைப் பரப்பினார். குகனேஸ்வரி தண்ணீர் எடுக்க எழுந்தாள். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் கோப்பைகளைக் கழுவ எழுந்தாள். திரும்பவும் இருக்கச் சொன்னார். கூடாரத்துக்குள் போய்ப் போர்வைகளை உதறத் தொடங்கியபோது அவர் லில்லியானிடம் ஏதோ முறையிட்டார்.

“உனக்குச் சும்மா இருக்கத் தெரியாதாம். விருந்தாளி இருக்கவேண்டுமாம்.”

இருந்தாள். யாரோ சமைத்த ரொட்டியை, யாரோ விரித்த பாயில், சும்மா இருந்து சாப்பிட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ரொட்டி சூடு என்று சொல்லிச் சமாளித்தாள்.

விடியப்புறம் லில்லியான் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, குகனேஸ்வரி செருப்பில்லாமல் மணல்மேடொன்றில் ஏறினாள். மணல் குளிர்ந்திருந்தது. சூரியன் வரும் பக்கம் பார்த்து இருந்தாள். எங்கேயும் சத்தமில்லை. கூப்பிட ஆளில்லை, கழுவ ஒன்றுமில்லை, போய்ச் சேரவேண்டிய நேரமில்லை. வெளிச்சம் ஒரு மேட்டின் விளிம்பைத் தொட்டு அடுத்த மேட்டுக்கு இறங்கியது. அவள் ‘இஞ்சை பாருங்கோ’ என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்பினாள். பக்கத்தில் மணல்தான் இருந்தது. அதற்குப் பிறகு சூரியன் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தாள்.

துனிசுக்குத் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லில்லியான் தோல்பை வாங்கப் போயிருந்த நேரம், குகனேஸ்வரி தொலைபேசிக் கடையொன்றுக்குள் நுழைந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று இலக்கத்தைத் தட்டினாள். கனடாவில் அப்போது மத்தியானம். அவரே எடுத்தார்.

“நான் குகனேஸ். துனிசில நிக்கிறன்.”

“ஒட்டகத்தில ஏறினியளோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“ஆரோட?”

“லில்லியான் எண்டு ஒரு ஆள். என்னோட வேலை செய்யிறவ.” மூச்சு வாங்கினாள். எதிரே கடைக்காரர் வேறு யாருக்கோ சில்லறை மாற்றிக்கொண்டிருந்தார். “இஞ்சை பாருங்கோ. அண்டைக்கு நான் நில்லுங்கோ எண்டு சொல்லியிருக்கோணும்.”

“ஓம்,” என்றார் அவர். கோபமில்லை குரலில். பின்னால் குழந்தையொன்று கத்தியது. “பேத்தி. மகள் வேலைக்குப் போனால் நான்தான் பாக்கிறன். என்னாலை இனி அங்கை வரேலாது, குகனேஸ்.”

“தெரியும். வரச்சொல்லி எடுக்கேல்லை.”

“அப்ப?”

“சொல்லாமல் கிடந்தது. அதுதான்.”

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “எப்பிடி இருந்தது எல்லாம்? எனக்குச் சொல்லுங்கோ,” என்றார். ஆனால் குழந்தை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலேர்மோவிலிருந்து எடுப்பதாகச் சொல்லி வைத்தாள்.

எடுத்தாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறவில்லை. சகோதரங்களுக்கு இதை அவள் மறைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒருதரம் கனடாவுக்குப் போய்வரலாம் என்று பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். மகளின் வீட்டில், பேத்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில், தான் யாராகப் போய் நிற்பது என்று யோசித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள்.

பயணத்தை அவள் முழுதாகச் சொல்லிவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கு ஒரு தெரு. சில ஞாயிறுகளில் ஒரு கடை மட்டும். குருவி கத்தியதற்கு ஒரு கிழமை, மல்லிகைச் செண்டுக்கு மூன்று கிழமை. அதை நூலால் எப்படிச் சுற்றுவது என்பதை அவர் விடாமல் கேட்டார். மறந்த இடங்களை லில்லியானிடம் கேட்டு வைத்துக்கொண்டு வந்தாள்.

தொண்ணூற்றொன்பது மார்கழியில், வியா மக்வேதா தெருவில் நத்தார் விளக்குகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு மழைநாள், தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று அவள் வாசனைத் திரவியச் சந்தையை இரண்டாம் தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாலைவனம் எப்ப வரும்?” என்று கேட்டார் அலோசியஸ்.

“வரும்,” என்றாள் குகனேஸ்வரி. “அதுக்கு என்ன அவசரம்? இப்ப சந்தையிலதானே நிக்கிறம்.”