அறுபதடி தள்ளிப் போட்ட குழாய்

இராஜாக்கமங்கலம் போகிற வழியில் ஒரு தனியார் டீசல் கிடங்கு. மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டி ஓட்டையாகிவிட்டது. கசிந்தது நிலத்தடி நீரோடு எங்கே போகிறது என்று பார்க்கச் சோதனைக் கிணறுகள் போடுவது என் வேலை. கிணறு என்றால் கையகலப் பிளாஸ்டிக் குழாய்தான். கிடங்குக்கு மேல்புறம் ஒன்று. கீழ்ப்புறம், தண்ணீர் கடலைப் பார்த்து இறங்கும் பாதைக்குக் குறுக்கே மூன்று. அதில் நடுக்குழாய்தான் முக்கியம். அழுக்கு அகலமாகப் பரவாது, ஒல்லியாக நீண்டு ஓடும். நடுவில் குழாய் இல்லையென்றால் சந்தடியில்லாமல் கடந்துவிடும்.

அந்த நடு இடம் ஒரு மீனவரின் தென்னந்தோப்பில் விழுந்தது. பின்னாலேயே அவர் வீடு, குடிதண்ணீர்க் கிணறு. அவர் கடலுக்குப் போயிருந்தார். மனைவியிடம் கேட்டுக் குழாயை இறக்கினேன்.

மறுநாள் ஆறேழு பேரோடு வந்தார். எங்கள் கடற்கரையில் எவனாவது மண்ணில் குழாய் இறக்கினால், தாது மணல் அள்ள வந்தவன் என்றுதான் அர்த்தம்.

“லேய், கருமணல் எடுக்கவா வந்த?”

“இல்ல அண்ணே, ஒங்க கிணத்துல குடிக்கிற வெள்ளத்தக் காப்பாத்தத்தான்...”

முடிக்க விடவில்லை. அவர் கையிலிருந்த கடப்பாரையின் மொட்டைப் பக்கம் என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குழாயை அடித்து நொறுக்கிக் கல்லைப் போட்டு அடைத்தார்கள். ஒருவன் என் வாயிலும் மண்ணைத் திணித்தான்.

கட்டுப்போட்டுக் கிடந்தபோது, நாசமாய்ப் போகட்டும் என்று சபித்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி இருந்தது, வேண்டுமென்றே மூடிவைத்தேன். நடுக்குழாயை அறுபதடி தள்ளிச் சாலைப் புறம்போக்கில் போட்டேன். அந்த இடைவெளியில் அழுக்கு நழுவும் என்று தெரிந்தே அறிக்கையில் ‘போதுமானது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. என் குழாய்கள் அத்தனையிலும் தண்ணீர் சுத்தம்.

ஒருநாள் நாகர்கோவிலில் என் அலுவலகத்துக்கு அவரே வந்தார். மேசைமேல் ஒரு பாட்டிலை ஓங்கி வைத்தார். திறந்ததும் டீசல் நாற்றம் மூக்கில் ஏறியது.

“வீட்டுக் கிணத்து வெள்ளம். புது மோட்டார் வச்சோம், அதுக்க வாடைன்னுல்லா நெனச்சோம். குடிச்சுக் குடிச்சு எனக்க மக ஆஸ்பத்திரில கெடக்கா.”

கேவலம், ஒரு நொடி என் மனசு குளிர்ந்தது. பாட்டிலை மூடினேன்.

“குழாயத் தள்ளிப் போட்டா அழுக்கு தப்பிப் போவும்னு ஒமக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். அறைந்தார், மறுபடியும் அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வடிந்தது. கூட வேலை செய்பவர்கள் ஓடிவந்து அவரைப் பிடித்தார்கள். விடச் சொன்னேன்.

“நான் முட்டாப்பய, அடிச்சேன். நீரு படிச்சவருல்லா? போலீசக் கூட்டிட்டு வந்தாவது அங்கேயே போட்டிருக்கப்பிடாதா, வே?” என்று கத்தியவர், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

போட்டிருக்கலாம். போலீஸ் துணை கேட்க ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். அதை நான் எழுதவே இல்லை.