ஒரு வரிசை கூடுதல்

தையல் நாடாவின் நுனியை மரத்தடியில் வைத்து மூன்றாவது முறையாக அளந்தாள் தையல்காரி. ஐந்தடி, ஐந்தடி, இன்னும் இரண்டடி. மர வரிசைக்கு வரிசை பன்னிரண்டு அடிதான். பாதையில் நின்ற அறுவடை மெஷினின் வாய் பதினான்கு அடி.

"நீங்க அளக்க அளக்க இடம் வளருமாக்கா?" என்றான் மெஷின் ஓட்டுகிறவன். "நாளைக்கு ஒரு நாள் இங்கதான் இருப்பேன். அதுக்கப்புறம் மழை, சேறு. நான் வரமாட்டேன்."

ஒரு சாண் துணியை வீணாக்காத கை அவளுடையது. முப்பது வருஷம் மிச்சம் பிடித்துத்தான் நாடா மாதிரி நீண்ட இந்த நிலத்தை வாங்கினாள். மர வரிசைகளுக்கு நடுவே வருஷத்துக்கு வருஷம் சோளம், பன்னிரண்டாம் வருஷம் பலகை மரம் என்று யாரோ சொல்ல, ஆசை வந்தது. பதினாறடி விட்டு நான்கு வரிசை வைக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு விட்டால் ஐந்து வரும். ஐந்து வைத்தாள். ஆறு வருஷம் ஆயிற்று. கதிர் ஒடிக்க வந்துகொண்டிருந்த பெண்கள் இந்த வருஷம் ஆலை வேலைக்குப் போய்விட்டார்கள்.

வரப்பில் உட்கார்ந்திருந்த கணவர் சிரித்தார். "சட்டைக்கு உள்ள ரெண்டு விரல் துணி விடுவே. நிலத்துக்கு விட மனசு வரலையே!"

"சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம். இதை எப்படிப் பிரிக்கறது?"

"ரம்பத்தால."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தாள். இப்போது வெட்டினால் விறகு விலை. வெட்டாவிட்டால் கதிர் நனைந்து முளைவிடும். அடுத்த வருஷமும் இதே பாடுதான். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"உட்காரேன், தலை சுத்துது எனக்கு."

"உங்களுக்கென்ன, உட்கார்ந்தே இருக்கீங்க."

நான்காவது வரிசையில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்தாள். இருபத்தாறு அங்குலம். ஒல்லியான ஆளின் இடுப்பு. நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டாவதும் நாலாவதும். விறகுக்காரனைக் கூப்பிடுங்க. தரையோட தரையா அறுக்கச் சொல்லுங்க."

மறுநாள் விடியும்போதே ரம்பம் வந்தது. பத்து மணிக்குள் இரண்டு வரிசையும் லாரியில் ஏறின. பதினொன்றுக்கு மெஷின் இறங்கியது. இரண்டு மணிக்குக் கதிர் முழுதும் வீடு சேர்ந்தது. நிலத்தில் மூன்று வரிசை நின்றது. அவள் கடையைத் திறந்து, பாதியில் கிடந்த ஒரு சட்டையைத் தைத்து முடித்தாள். மழை பெய்யவில்லை.