சாயங்கால வாசனை

பிணங்களைக் குளிப்பாட்டி, தலை சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வைத்த பெயர் பவுடரக்கா. "அக்கா கை பட்டா போனவரே எழுந்து கண்ணாடி கேப்பாரு" என்று கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அவள் டீ போட்டுக் கொடுத்தால் மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிறு சரியில்லாமல் போய்விடும்.

உறவுக்காரர்கள் சிலர் சென்ட் புட்டியோடு வருவார்கள். அடித்துவிடுவாள். குனிந்து முகர்ந்துவிட்டு, "இது அவங்க வாசனையே இல்லையே!" என்பார்கள். எப்படி இருக்கும்? சென்ட் உடம்புச் சூட்டில்தான் மலரும். குளிர்ந்த உடம்பில் புட்டிக்குள் இருந்த மாதிரியே கிடக்கும். இதைச் சொன்னால் அழுகிறவர்கள் இன்னும் அழுவார்களே என்று வாயை மூடிக்கொள்வாள்.

அன்று காலை வந்தது ஒரு தையல் டீச்சர். புருஷனுக்குப் பார்வை போய்ப் பல வருஷம். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தெம்பாகப் போனவள், எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தாள். பெரியவர் அவள் முகத்தைத் தடவினார். கையைத் தொட்டதும் உதறினார்.

"இது அவ இல்ல. ஆள மாத்திக் குடுத்துட்டாங்க. போய்க் கேளுங்க."

மகள் கெஞ்சினாள், அதட்டினாள். பெரியவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"இப்படியே அடக்கம் பண்ணிட்டா, சாகற வரைக்கும் கதவு சத்தத்துக்குக் காது குடுத்துக்கிட்டே உக்காந்திருப்பாருக்கா" என்று பவுடரக்காவிடம் மகள் அழுதாள். கைப்பையிலிருந்து அம்மாவின் சென்ட்டை எடுத்தாள். மல்லிகையும் சம்பங்கியும் கலந்த வெள்ளைப்பூ சென்ட். கழுத்தில் அடித்தார்கள். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது கடை வாசனை. காலையில அவ போட்டுக்கும்போது இப்படித்தான் மூக்கக் குத்தும். சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காருவா பாரு, அதுதான் அவ வாசனை. என்ன ஏமாத்தாதீங்க."

இங்கேதான் பவுடரக்கா வாயைக் கொடுத்தாள்.

"நீங்க போட்டுக்கங்கம்மா. அம்மா உடம்புதானே உங்க உடம்பு. சாயங்காலம் வரைக்கும் பொறுப்போம்."

நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் கெட்ட காரியங்களைக் கணக்கெடுத்தால் உலகம் தாங்காது.

மகள் மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். பவுடரக்கா வந்து வந்து முகர்ந்தாள். எத்தனையோ பேருக்கு சென்ட் அடித்தவளுக்கு முதல் காட்டத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. காட்டம் போய்ப் பூ விரிந்தது. மத்தியானத்துக்கு மேல் பூ கனத்து, தித்தித்து, அழுகலுக்குப் பக்கம் வரை போய், அங்கே வேர்வையோடு கலந்து நின்றது. மகள் தன் கையை முகர்ந்துவிட்டு உடைந்துபோனாள்.

"அம்மாக்கா. அம்மாவேதான்."

சாயங்காலம் பெரியவரை அழைத்து வந்தார்கள். மகள் அம்மாவின் கழுத்தோரம் மணிக்கட்டை வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். அவர் குனிந்தார். முகம் இளகியது.

"வந்துட்டியா" என்றார்.

காரியம் பலித்தது என்றே பவுடரக்கா நினைத்தாள். அதற்குள் அவர் கை துழாவி, வாசனை வந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

"நாடி அடிக்குதே! உசுரோட இருக்கறவளக் குளிர்ல போட்டிருக்கீங்களே, பாவிங்களா! போர்வை கொண்டாங்க! டாக்டரக் கூப்பிடுங்க!"

மகள் கையை இழுத்தாள். அவர் விடவில்லை. மகள் பவுடரக்காவைப் பார்த்தாள். யோசனை சொன்னவள்தானே பதிலும் சொல்ல வேண்டும்.

"ஐயா, அது உங்க பொண்ணு கை."

அவர் விரல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை, தோள் என்று ஏறி, மகளின் ஈரக் கன்னத்தில் நின்றன.

"அப்போ அவ எங்க?"

பவுடரக்கா அவர் கையை எடுத்து அந்தக் குளிர்ந்த கைமேல் வைத்தாள். காலையில் உதறியவர் இப்போது உதறவில்லை. வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

"அவதான். குளிர்ல கிடக்கா, அதான் வாசனை வரல. கொஞ்சம் சூடாகட்டும்."

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். போதும் என்று சொல்ல வேண்டியவள் பவுடரக்காதான். அவளோ மேஜைக்கு அந்தப் பக்கம் போய், இன்னொரு கையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.